குதிக்கிற பட்டன்

முதலில் பட்டன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

இதை நான் கையால் எழுதவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துவிடுவார்கள், நான் பேசுகிறேன், அது எழுத்தாக்கிக்கொள்கிறது. என் நாக்கு இப்போது முன்போல வளைவதில்லை. அதனால் போனுக்குப் பாதி தப்பாகக் கேட்கிறது. 'நரம்பு' என்றால் 'வரம்பு' என்று போடுகிறது. 'தசை' என்றால் 'திசை'. சாயங்காலம் என் நாத்தனார் கிரேஸ் உட்கார்ந்து திருத்துகிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, மூச்சு கொஞ்சம் ஒழுங்காக ஓடுகிற இடைவெளி இது. இதே நோய் வந்தவர்கள் யாராவது படிக்கலாம். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் இல்லை. எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

என் பெயர் ரெஜினா. பிறந்தது கிளியனூர், வாழ்க்கைப்பட்டது திண்டிவனம். பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பத்திர எழுத்தர் கடையில் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிற வேலை. வீட்டுக்காரர் ஆரோக்கியராஜ் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். மல்லாட்டைக் கடலை மூட்டை, கட்டில் பீரோ, கல்யாணப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றிப் போவார். குழந்தை இல்லை. அதற்காக அலைந்த ஆஸ்பத்திரிகள் தனிக் கதை, அதை இங்கே சொல்லப் போவதில்லை.

அவர் லோடு ஏற்றிக்கொண்டு கண்டாச்சிபுரம், செஞ்சி என்று போய்விட்டு எந்நேரத்துக்கு வருவார் என்று தெரியாது. சமைத்து மூடி வைத்துவிட்டு நான் கேம் ஆடுவேன். சிலருக்கு சீரியல், எனக்கு அது. தொண்ணூறுகளில் டிவியில் மாட்டி ஆடிய கேசட் கேம்கள் எல்லாம் இப்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன மெஷினில் கிடைக்கின்றன. பழைய பெட்டி செய்த வேலையை அப்படியே செய்துகாட்டும் ஒரு மென்பொருள் உள்ளே இருக்கிறது. எமுலேட்டர் என்பார்கள். விரல் நகம் அளவு மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான கேம்கள். நான் ஆடியது பெரும்பாலும் ஒன்றுதான். அதற்குப் பெயர்கூடத் தெரியாது, திரையில் வருவதெல்லாம் ஜப்பான் எழுத்து. கட்டம் கட்டமான ஒரு சின்ன ஆள் ஒரு கோட்டைக்குள் மாடி மாடியாக ஏறுவான். பள்ளத்தைத் தாண்ட வேண்டும், உருண்டு வரும் கல்லைத் தாண்ட வேண்டும், எதிரே வருகிறவர்கள் மேல் கத்தி வீச வேண்டும். இடது கையில் திசைப் பட்டன். வலது கட்டைவிரலுக்கு இரண்டு வட்டப் பட்டன்கள், ஒன்று வீச, ஒன்று குதிக்க.

குதிக்கிற பட்டன் வேலை செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிற பள்ளத்தில் ஆள் தொப்பென்று விழுந்தான். திரும்பத் திரும்ப விழுந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் சர்வீஸ் கடையில் கொடுத்தேன். பட்டனுக்கு அடியில் ஒரு ரப்பர் இருக்கும், தேய்ந்திருக்கும் என்று கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தால் பழையபடிதான். மறுபடி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கவுண்டரில் நின்றபடியே ஆடிப் பார்த்தார். ஆள் அழகாகக் குதித்தான்.

"நல்லாத்தான் கீதுக்கா. நீங்க ஆடுங்க, பாக்கறேன்."

ஆடினேன். விழுந்தான். கடைக்காரர் திரையைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க அமுத்தவே இல்லியே."

"அமுத்திக்கினுதான கீறேன்."

அவர் மெஷினைத் துடைத்துக் கொடுத்துவிட்டார். நான் அழுத்திக்கொண்டுதான் இருந்தேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த வாரமே கடையில் பத்திரங்களில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுகிற நீளக் கட்டையை வலது கட்டைவிரலால்தான் தட்டுவேன். 'கிழக்குமேற்குவடக்குதெற்கு' என்று நான்கு எல்லையும் ஒரே சொல்லாக ஒரு கிரயப் பத்திரத்தில் வந்துவிட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னாம்மா ரெஜினா, நாலு பக்கமும் ஒண்ணாயிடுச்சி?" என்றார். பத்திரம் எழுத வந்திருந்த கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எலும்பு டாக்டரிடம் போனோம். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதன் வழியாகத்தான் விரல்களுக்கு நரம்பு போகிறது, அந்த வழி வீங்கி நரம்பை நசுக்குகிறது என்றார். என்ன வேலை என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நாளெல்லாம் கம்ப்யூட்டரு சார். வீட்டுக்கு வந்தா இந்த கேமு. நான் வர்ற வரிக்கும் அத்தயே அமுத்திக்கினு இருப்பா."

"அதான்" என்றார் டாக்டர்.

விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் மணிக்கட்டைக் கீறி அந்த வழியை அகலப்படுத்தினார்கள். சின்ன ஆபரேஷன், மறுநாளே வீடு. வந்ததும் அவர் முக்காலி போட்டு ஏறி, மெஷினைப் பீரோவுக்கு மேலே, பழைய சூட்கேசுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். "வயசு கெட்ட வயசுல இன்னா வெளாட்டு" என்றார். எனக்கும் குற்றவுணர்ச்சிதான். நாமே தேடிக்கொண்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது ஒரு வகையில் வசதியாக இருந்தது. நாமே தேடிக்கொண்டதை நாமே விட்டுவிடலாம் அல்லவா.

தையல் ஆறியது. விரல் ஆறவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உப்பலாக இருக்க வேண்டிய சதை வற்றிக் குழியானது. சட்டை பட்டன் போட முடியவில்லை. பூட்டில் சாவி திரும்பவில்லை. முன்கையில் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தானாகத் துடிக்க ஆரம்பித்தது. வலி இல்லை. வலி இருந்திருந்தால் சீக்கிரம் பயந்திருப்பேன்.

அப்படித்தான் விழுப்புரத்துக்கு வெளியே இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பியல் ஓ.பி.யில் காலையிலிருந்து காத்திருப்போம். பெஞ்சில் வலிப்பு வந்தவர்கள், வாய் கோணியவர்கள், நடை தள்ளாடுபவர்கள். யாரும் யாரையும் என்ன நோய் என்று கேட்பதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். அவர் எனக்கு ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துவிட்டு வெளியே போய் இரண்டு டீ வாங்கி வருவார். ஒன்றை ஆற்றி என் இடது கையில் கொடுப்பார்.

டாக்டர் ஒரு பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முட்டியில் தட்டினார். நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அந்த அம்மாள் என் நாக்கையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்கு வந்த நோய்க்கு நாக்கை ஏன் பார்க்கிறார் என்று தோன்றியது.

பிறகு டெஸ்ட். கழுத்துக்கு ஸ்கேன். அடுத்தது நரம்பில் சின்னச் சின்னதாகக் கரண்ட் வைத்து அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். அதற்கடுத்ததுதான் ஊசி. மெல்லிய ஊசியைத் தசைக்குள் குத்தி அப்படியே வைத்திருப்பார்கள். தசைக்குள் நடப்பதெல்லாம் ஒரு பெட்டியில் சத்தமாகக் கேட்கும். நல்ல தசை சும்மா இருக்கும்போது சத்தம் வராதாம். என் கையில், தொடையில், முதுகில், தாடைக்குக் கீழே, எங்கே குத்தினாலும் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் ஒரே சத்தம். ஊசி குத்துகிற பையன் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து வைத்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மூளை 'மடக்கு' என்று ஒரு கட்டளை போடுகிறது. அது முதுகுத்தண்டுவரை வருகிறது. அங்கிருந்து தசைக்குக் கொண்டுபோகிற நரம்பு ஒன்று உண்டு. எனக்கு அந்த நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகின்றன. கட்டளை வராத தசை வற்றிப்போகும். முதலில் கை, பிறகு மற்ற கை, கால், விழுங்குகிற தசை, பேசுகிற தசை, கடைசியில் மூச்சு இழுக்கிற தசை. கண் கடைசிவரை அசையும். தொடுவது தெரியும். காது கேட்கும், புத்தி அநேகமாகத் தெளிவாகவே இருக்கும். கடைசியாகச் சொன்னதை ஏதோ நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்.

"கொணமாவுமா மேடம்?" என்றார் இவர்.

"ஆகாதுங்க. ஒரு மாத்திரை இருக்கு. வேகத்தக் கொஞ்சம் கொறைக்கும். கொஞ்சம்தான்."

இவர் என் வலது கையைப் பார்த்தார்.

"கேமு ஆடுனதாலயா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டினார்.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க. இது யாரும் எதுவும் பண்ணி வர்றதில்ல. யாரு மேலயும் தப்பில்ல."

திண்டிவனம் பஸ் பிடித்தோம். வீட்டுக்கு வந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் முக்காலியை இழுத்துப் போட்டார். பீரோ மேலே கையை விட்டுத் துழாவி மெஷினை எடுத்தார். தூசியைத் துண்டால் துடைத்தார். ஓட்டைகளில் ஊதினார். சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டபோது வந்து, "முழுசா ஏறிடுச்சி" என்று மட்டும் சொன்னார்.

நான் எடுக்கவில்லை. எடுத்து என்ன செய்ய? சில நாள் கழித்து அவரே அதைக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இடது கைதான் நல்லா கீது இல்ல? நீ அந்தப் பக்கம் ஓட்டு. இந்தப் பக்கம் நான் அமுத்தறேன்."

அவர் அதுவரை எந்த கேமும் ஆடியதில்லை. தோளும் தோளும் ஒட்டி உட்கார்ந்து, ஒரு மெஷினை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டோம். நான் ஆளை நடத்துவேன். பள்ளம் வந்ததும் 'குதி' என்பேன். வாழ்நாளில் அவரை நான் 'ங்க' போடாமல் கூப்பிட்டதில்லை. ஆனால் 'குதிங்க' என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் விழுந்துவிடுகிறான். அதனால் இதில் மட்டும் 'குதி'.

அப்படியும் விழுந்தான்.

"சொன்னப்பறம் அமுத்துறீங்க. அதுக்கு முன்னாடியே அமுத்தணும்."

"நீ சொல்றதுக்கு முன்னாடி எனுக்கு எப்படித் தெரியும்?"

"பள்ளம் வர்றது உங்களுக்கும்தான தெரியுது."

"தெரிஞ்சா? ஆடறது நீதான. குதிக்கறது உன் பட்டன். நீ சொல்லாம நான் ஏன் அமுத்தணும்?"

இதில் அவர் பிடிவாதமாக இருந்தார். கத்தி வீசுவதைத் தானாகவே செய்வார். குதிப்பதை மட்டும் நான் சொன்னால்தான். கொஞ்ச நாளில் என் குரலுக்கு அவர் விரல் பழகிவிட்டது. 'கு' என்று வாயைக் குவித்தாலே ஆள் மேலே போவான். முதல் மாடியைத் தாண்டிய அன்று இருவரும் சத்தமில்லாமல் சிரித்தோம்.

நல்ல நாட்கள் அவ்வளவுதான். இடது கையும் போனது. வேலையை விட்டேன், முதலாளி வீட்டுக்கு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார். கால் தரையில் இழுபட்டது. ஃபாதர் வந்து நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தார். எண்ணெய் பூசுவது சாகப் போகிறவர்களுக்குத்தானே என்று கிரேஸ் பயந்துபோய்க் கேட்டாள். நோயாளிகள் எல்லாருக்கும்தான் என்றார் அவர். கிரேஸ் என் வீட்டுக்காரரின் தங்கை. கோலியனூரில் கட்டிக்கொடுத்தது. தன் வீட்டை மாமியாரிடம் விட்டுவிட்டு வாரத்தில் பாதி நாள் பஸ் ஏறி வந்துவிடுவாள். எனக்குத் தலை வாரிச் சடை போட்டு, நைட்டி மாற்றி, கேப்பைக் கூழை நீர்க்கக் கரைத்து ஸ்பூனில் ஊட்டுவாள். குளிப்பாட்டும்போது அவள் எதிர்வீட்டுச் சண்டையை விலாவாரியாகச் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் என் உடம்பை நான் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் பகல் லோடு மட்டும் எடுத்தார், பிறகு அதுவும் குறைந்தது. வண்டி வாசலில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. ஒருநாள் கிரேஸ் அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

"எத்தினி நாளுக்குண்ணா இப்பிடி?"

"தெரியாது."

"அதுக்கப்பறம் நீ இன்னா பண்ணுவே?"

நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே அவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுகிற சத்தம் கேட்டது.

மழைக்காலத்தில் ஒருநாள் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. விழுங்குகிற தசை சோர்ந்துவிட்டால் உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது வழி தவறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே சீழ் பிடித்து நிமோனியா ஆகும். இரண்டு நாளில் காய்ச்சலும் இழுப்பும் வந்து, ஆம்புலன்சில் விழுப்புரம் போனோம்.

வார்டில் என் முகத்தில் ஒரு முகமூடியைக் கட்டினார்கள். மூக்கு, வாய் இரண்டையும் இறுக்கி மூடும். பக்கத்தில் இருக்கிற மெஷின் அதன் வழியாகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். ஓடுகிற வண்டியின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் மூச்சு முட்டுமே, அப்படி. முதலில் அதோடு சண்டை போடுவோம். அப்புறம் அது தள்ளும்போது இழுத்துக்கொள்ளப் பழகிவிடும். மூக்கு வழியாகச் சாப்பாட்டுக்கு ஒரு குழாய். மூக்குத் தண்டில் தோல் உரிந்து புண்ணாயிற்று. கிரேஸ் பஞ்சை நனைத்து முகமூடி ஓரத்தால் விட்டு உதட்டை ஈரப்படுத்துவாள். பக்கத்துப் படுக்கை ஆத்தாவுக்குத் துணை இருந்தவர் தன் ஸ்டூலை இவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டுக்கொண்டார்.

முகமூடி இருந்தால் பேச முடியாது. நர்ஸ் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணைச் சிமிட்ட வேண்டும். வேண்டாம் என்றால் கண்ணை மூடி, திறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமா, லைட்டை அணைக்கவா. நாள் முழுக்க இதுதான் என் பேச்சு.

காய்ச்சல் கொஞ்சம் தணிந்த ஒரு மத்தியானம் வீட்டுக்காரர் பையிலிருந்து கேம் மெஷினை எடுத்தார். என் முகத்துக்கு நேராக, நான் திரையைப் பார்க்கவும் அவர் என் கண்ணைப் பார்க்கவும் தோதாகப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் அவர் விரல்தான்.

"குதிக்கணும்னா கண்ண சிமிட்டு" என்றார்.

எமுலேட்டரில் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பாதி வேகத்தில் வைத்தார். கல் மெதுவாக உருண்டு வந்தது. சிமிட்டினேன். தாண்டினான். நினைத்த இடத்தில் நிறுத்திச் சேமித்து, விழுந்தால் அங்கிருந்தே மறுபடி ஆடும் வசதியும் உண்டு. பழைய பெட்டியில் அது கிடையாது, விழுந்தால் முதலிலிருந்து. இவர் நாலடிக்கு ஒருமுறை சேமித்தார். அப்படித் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, கை இருந்தபோது நான் போகாத மாடிகளுக்கெல்லாம் போனோம். சுவாச மெஷினின் ஒயர் இருந்த பலகையில் இன்னொன்றைச் சொருக இடமில்லை. நர்ஸ் தன் மேஜையில் கேம் மெஷினைச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்.

நிமோனியா குறையவில்லை. ரத்தத்தில் கெட்ட காற்று சேர்ந்துகொண்டே வருகிறது என்றார்கள். நல்ல மூச்சில் வெளியே போக வேண்டியது, போவதற்குத் தசையில் வலு இல்லை. ஒரு நாள் காலை ரவுண்டில் அதே டாக்டரம்மா வந்து கட்டில் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தே பேசினார். இந்த முகமூடி தாங்காமல் போகலாம். அப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மெஷினில் போட வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு அது சில நாள் ஏற்பாடு. என் நோயில் அதிலிருந்து திரும்பி வருவது அநேகமாக இல்லை. மெஷினோடுதான் இருக்க வேண்டும். மற்ற தசைகள் போவதை அது நிறுத்தாது.

"வேணுமா வேணாமான்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. சாயங்காலம் ரவுண்டுக்கு வர்றப்ப கேக்கறேன். அவசரத்துல முடிவு பண்ற மாதிரி ஆயிடக் கூடாது, அதான்."

டாக்டர் போனார். இவர் என்னைப் பார்த்தார். என் முடிவு எனக்குத் தெரியும், வீட்டிலேயே பலமுறை பேச வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் லோடு வந்திருக்கிறது என்று எழுந்து போய்விடுவார். இப்போது எழுந்து போக இடமில்லை. அவர் கேட்டால் போதும், நான் கண்ணை மூடிவிடுவேன். அதனாலேயே அவர் கேட்கவில்லை. பையைத் திறந்து மெஷினை எடுத்தார்.

"இந்த ஆட்டம் முடியட்டும். அப்பறம் பேசலாம்."

ஆடினோம். அன்று எங்களுக்கு எதுவும் தவறவில்லை. சிமிட்டினேன், குதித்தான். அவர் வீசினார், எதிரிகள் விழுந்தார்கள். உச்சி மாடிக்குக் கீழ் மாடியில் இருந்தோம். மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்து போனது. கிரேஸ் வந்து, ஏதோ கேட்க வாயெடுத்து, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள். உச்சி மாடியில் சங்கிலி கட்டிய ஒரு பெரிய பொம்மை இருந்தது. அது கால் தூக்கி மிதிக்கும்போதெல்லாம் குதிக்க வேண்டும். சிமிட்டிச் சிமிட்டி எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. விட்டுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும், பேச வேண்டியிருக்கும். விட எனக்கும் மனமில்லை. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அவர் மட்டும் தள்ளிப்போடவில்லை, நானும்தான்.

பொம்மை விழுந்தது. திரை கறுத்து, நாலு வரி ஜப்பான் எழுத்து வந்தது. என்ன எழுதியிருந்ததோ. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அது மறைந்து, கோட்டை வாசல் வந்தது. முதல் மாடி. அதே சின்ன ஆள், அதே பள்ளம், கற்கள் மட்டும் கொஞ்சம் வேகமாக.

"முடியல பாரு" என்றார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "மறுபடி ஆரம்பிக்குது. இதுக்கு முடிவே இல்ல போலகீது."

ஆளை நடத்திக்கொண்டு போனார். முதல் பள்ளம். சிமிட்டினேன். தாண்டினான். முகமூடி காற்றைத் தள்ளியது, இழுத்துக்கொண்டேன். ஜன்னலில் வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. இப்படியே சாயங்காலம்வரை, அதற்குப் பிறகும், யாராவது வந்து அவசரமாகத் தொண்டையில் கத்தி வைக்கும்வரை இவர் ஆடிக்கொண்டேயிருப்பார் என்று தெரிந்தது. அப்புறம் இவர் ஒரு மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பார், எழுந்து போகவே மாட்டார்.

இரண்டாவது பள்ளம் வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெஜினா."

திறக்கவில்லை.

"பள்ளம் வருது. சிமிட்டு."

ஆள் விழுகிற சின்ன சத்தம் கேட்டது. சேமித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். ஆள் மறுபடி விழுந்தான். தானாக அழுத்தியிருக்கலாம், அவருக்கு எப்போதோ பழகிவிட்டது. அவர் அழுத்தவில்லை. இன்னொரு முறையும் ஆள் விழுந்தான். பிறகு சத்தம் வரவில்லை. ஸ்டூல் நகர்ந்தது. அவர் நெற்றி என் கை மேல் வந்து அழுந்தியது. கை அசையாதே தவிர, தொடுவது எனக்கு நன்றாகத் தெரியும். ஈரமும் தெரியும். அப்படியே கிடந்தார். நானும் கண்ணைத் திறக்கவில்லை.

"செரி" என்றார் கடைசியில். "செரி."

அப்போதுதான் திறந்தேன்.

அதற்குப் பிறகு மருந்து மெல்லப் பிடித்து, காய்ச்சல் இறங்கி, இந்த முறை முகமூடியே போதும் என்று ஆகி, வீட்டுக்கு வந்துவிட்டோம். அடுத்த முறை அப்படி இருக்காது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. டாக்டர் ரவுண்டுக்கு வந்தபோது இவர் எழுந்து நின்றார். முகத்தைத் துண்டால் துடைத்திருந்தார்.

"என்ன முடிவு பண்ணீங்க?" என்றார் டாக்டர்.

"வேணாங்க மேடம். தொண்டையில போட வேணாம்."

டாக்டர் என் பக்கம் குனிந்து, அதே கேள்வியை என்னிடமும் கேட்கப் போனார். இவர் குறுக்கே சொன்னார்.

"அவ சொல்லிட்டா மேடம்."

"எப்ப சொன்னாங்க?"

"இப்பதாங்க" என்றார் இவர்.